நுண்ணலைச் (மைக்ரோவேவ்) சூட்டையும் வழக்கமான சூட்டையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டி முந்திரி ஆலையிலோ கடலூர் சிப்காட் வேதித் தொழிற்சாலையிலோ மைக்ரோவேவ் உலர்த்தி வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தால், பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும் என்ற ஒரே கணக்கில் முடிவெடுப்பதுதான் முதல் தவறு. எந்த முறையில் சூடேற்றினாலும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.63 யூனிட் ஆற்றல் வேண்டும். நுண்ணலையை உண்டாக்கும் மேக்னெட்ரானிலேயே மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாவதால், செலவு ஒரு யூனிட்டை எட்டிவிடும். முந்திரி ஓட்டையே கொதிகலனுக்கு எரிபொருளாக்கும் ஊரில், ஈரம் மிகுந்த தொடக்கக் கட்டத்தை நீராவிக்கே விட்டுவிடலாம். மேற்பரப்பு காய்ந்து, வெளிச்சூடு உள்ளே இறங்கத் திணறும் கடைசிக் கட்டத்தில்தான் நுண்ணலைக்கு வேலை இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, இரண்டிலும் 80 டிகிரி என்று எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. சூடான காற்றில் பொருளின் மேற்பரப்பு முதலில் சூடாகும்; நுண்ணலையிலோ உட்பகுதி சூடேறிக்கொண்டிருக்க, ஈரம் ஆவியாவதால் மேற்பரப்பு குளிர்ந்திருக்கும். அகச்சிவப்பு வெப்பமானி காட்டுவது அந்த மேற்பரப்பை மட்டுமே. வீட்டு மைக்ரோவேவில் ஒரு தட்டு முந்திரிப் பருப்பைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்துப் பாருங்கள்: வெளியே வெள்ளையாக இருக்கும் பருப்பைப் பிளந்தால் நடுவில் பழுப்பேறியிருக்கும், பக்கத்துப் பருப்போ பச்சையாகவே கிடக்கும். 2450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. என்பதால், அடுப்புக்குள் சூடு திட்டுத்திட்டாக விழுகிறது. ஆகவே உலோகமில்லாத ஒளியிழை வெப்ப உணரியால், பொருளின் உள்ளே பல இடங்களில் அளக்க வேண்டும்.

நுண்ணலை மூலக்கூறுகளில் ஏதோ மாயம் செய்து வேதிவினையை விரைவாக்குகிறது என்பதையும் எளிதில் நம்பிவிடக் கூடாது. அதன் ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு அலைத்துகள், சுமக்கும் ஆற்றல், ஒரு வேதிப்பிணைப்பை உடைக்கத் தேவையானதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்திரியாவின் ஆலிவர் காப்பே குழுவினர், நுண்ணலையைத் தானே உறிஞ்சிக்கொண்டு உள்ளே வெப்பத்தை மட்டும் விடும் சிலிக்கான் கார்பைடு குப்பிகளில் வினைகளைச் செய்து பார்த்தபோது, பெரும்பாலும் கண்ணாடிக் குப்பியில் கிடைத்த அதே விளைவுதான் கிடைத்தது. வேகத்துக்குக் காரணம் வெப்பநிலைதான்.

சிறு குடுவையில் கிடைத்த முடிவைப் பெரிய கலனுக்கு அப்படியே பெருக்குவதும் பொருந்தாது. நீர் மிகுந்த பொருளில் இந்த அலை ஓரிரு செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பெருமளவு அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, புதிய கருவியைக் கதவிடுக்கில் சூடு கசியும் பழைய உலர்த்தியோடு நிறுத்திப் பார்ப்பது நியாயமான போட்டியே அல்ல. முதலில் அந்தக் கதவின் ரப்பரை மாற்றிவிட்டு, ஒரு வாரம் எரிபொருளை எடைபோட்டுப் பார்த்த பிறகு கொட்டேஷன் கேட்கலாம்.