டயர் மாற்றிய பிறகு ஸ்டியரிங் ஆடுதா, கார் ஒரு பக்கம் இழுக்குதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

கடைக்குப் போகும்வரை ஒழுங்காக ஓடிய கார், டயர் மாற்றி வெளியே வந்ததும் ஸ்டியரிங்கில் நடுங்குகிறது. அல்லது கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் ஓடுகிறது. கேட்டவுடன் பலரும் சொல்வது, "அலைன்மென்ட் அடிச்சால் சரிவரும்" என்பதுதான். வீல்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். நடுக்கம் என்றால் பெரும்பாலும் சரிவராது, காசுதான் போகும். டயர் வேலையில் கை பட்ட இடங்கள் நான்கு: வீல் நட், காற்று, ரிம்மில் டயர் உட்கார்ந்த விதம், பலன்ஸ் வெயிட் (வீலின் பாரத்தைச் சமப்படுத்த ரிம்மில் வைக்கும் சிறு எடை). முதலில் அந்த நான்கையும் பாருங்கள். அலைன்மென்ட் கடைசி.

முதல் வேலை: வீல் நட்

இதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே வேண்டாம். 20, 30 கிலோமீற்றர் வேகத்திலேயே ஆட்டமும் "டக் டக்" என்ற சத்தமும் இருந்தால் நட் தளர்ந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி அங்கேயே இறுக்குங்கள்.

நான்கு நட் உள்ள வீலில் எதிரெதிராகவும், ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றுவிட்டு ஒன்றாகவும் இறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் ரிம் ஒரு பக்கம் சரிந்தே பிடிக்கும். இறுக்கும் அளவு டொயோட்டா அக்சியோ, அக்வாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுகி வேகன் ஆர், அல்ட்டோவுக்கு 85. இந்த அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 103 என்பது 30 சென்டிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 35 கிலோ எடை தொங்கும் அளவு. ஸ்பனர் மேல் ஏறி நின்று மிதிப்பது இதைவிட எவ்வளவோ கூட. காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீல் கழற்றிப் பூட்டிய பின் 100 கிலோமீற்றருக்குள் நட்டை ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.

காற்று

ரிம்மில் டயர் உட்காரக் காற்றைக் கூட்டி அடிப்பார்கள். பிறகு குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் கிலோ பாஸ்கலில் போட்டிருந்தால் 220 என்பது 32 பி.எஸ்.ஐ., 250 என்பது 36. காலையில், வண்டி ஓடமுதல் அளக்க வேண்டும். திருமலை வெயிலில் ஓடி வந்த டயர் 4, 5 பி.எஸ்.ஐ. கூடவே காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். முன் டயர் இரண்டுக்கும் 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தால், குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

சட்டப்படி கார்களுக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். அதற்குள்ளேயே பார்க்கலாம். கந்தளாய்ப் பக்கம் போகும் ஏ6 வீதியில், காலை வேளையில், நேரான சமதளத் துண்டு ஒன்றைத் தெரிந்தெடுங்கள். கிண்ணியாப் பாலத்தில் பார்க்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் அந்தத் திறந்த வெளியில் நல்ல வண்டியையும் காற்றே பக்கவாட்டில் தள்ளும்.

எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே தெரிகிறது, எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் வீல். சீற்றிலும் தரையிலும் தெரிந்தால் பின் வீல். 65, 70இல் தொடங்கி வேகத்தோடு கூடினால் பலன்ஸ். குறைந்த வேகத்திலேயே அசைந்தசைந்து போனால் கோணிய ரிம் அல்லது டயருக்குள் இருக்கும் வலை அடுக்கு பிரிதல். அக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் எக்ஸெல் ஜொயின்ட் (எஞ்சின் விசையை வீலுக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு). அது டயர் கடையின் வேலை அல்ல.

இழுப்பைப் பார்க்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். மழைத்தண்ணீர் வடிய எங்கள் வீதிகள் ஓரத்துக்குச் சரிவாகப் போடப்பட்டவை. நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால், வண்டி மெல்ல இடப்பக்கம் போவது இயல்பு. வலப்பக்கம் இழுத்தால் கட்டாயம் காரணம் இருக்கிறது.

வீலைக் கழற்றிப் பார்த்தல்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றம் மணலாக இருந்தால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வையுங்கள். மற்ற வீல்களுக்குக் கல் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடக்கூடாது.

தூக்கிய வீலைச் சுற்றிவிட்டு, டயருக்கு அருகில் ஒரு குச்சியை ஊன்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் குற்றம் ரிம்மிலா டயரிலா என்று அடுத்துப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வளையக் கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் பூசித் திரும்ப அடிக்க வேண்டும். பலன்ஸ் எத்தனை தரம் பார்த்தாலும் இது தீராது.

இனி ஹப், அதாவது ரிம் பூட்டப்படும் நடுப்பகுதி. கடற்காற்றில் ஓடும் வண்டியில் ரிம் ஒட்டும் முகத்தில் துரு செதில் செதிலாக ஏறும். அரை மில்லிமீற்றர் செதில் ஒன்று ஒரு பக்கம் மட்டும் இருந்தால், டயரின் விளிம்பில் அது 2 மில்லிமீற்றர் ஆட்டமாக வரும். பலன்ஸ் மெசினில் அந்தச் செதில் இல்லை. அதனால் மெசின் பூச்சியம் காட்டும், வீதியில் ஆடும். கம்பி பிரஷால் ஹப்பையும் ரிம்மின் உள்முகத்தையும் பளிச்சென்று தேய்த்தெடுங்கள். போல்டில் ஒயில் பூச வேண்டாம், இறுக்கும் அளவு பிழைக்கும்.

வெளியில் வாங்கிய அலாய் ரிம் என்றால் நடு ஓட்டையைப் பாருங்கள். அக்சியோ ஹப் 54.1 மில்லிமீற்றர், கடை ரிம்களின் ஓட்டை இதைவிடப் பெரிதாக வருவது வழக்கம். நடுவில் ஹப் வளையம் போடாவிட்டால் ரிம் மையத்தில் நிற்காது.

பலன்ஸ் வெயிட் விழுந்த இடத்தில் சுத்தமான ஒரு சதுர அடையாளம் தெரியும். 20 கிராம் குறைந்தால் என்ன என்று நினைக்கலாம். 15 அங்குல வீல் 70 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்குப் பத்துத் தரம் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த 20 கிராம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாரம்போல வீலை இழுக்கும். வாடைக்கால மழையில் ரிம்முக்குள் ஏறிக் காய்ந்த சேறும் இதே வேலையைச் செய்யும். கடைக்குப் போகமுதல் கழுவுங்கள்.

பலன்ஸ் முடிந்ததும் வீலை மெசினில் தளர்த்தி, அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டித் திரும்பச் சுழற்றச் சொல்லுங்கள். "தம்பி, ஒருக்கா திருப்பிப் போட்டுக் காட்டுங்கோ" என்றால் போதும். 10 கிராமுக்கு மேல் மாறினால் வீல் மெசினில் மையமாகப் பூட்டப்படவில்லை.

இழுப்புக்கு மாற்றுச் சோதனை

காற்றுச் சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால் முன் வீல் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயரின் குற்றம். புது டயரிலும் இது வரும், மாற்றித் தரச் சொல்லலாம். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றாமல், அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்குப் போடுங்கள். மாற்றியும் அதே பக்கம் இழுத்தால், ஓட்டி நிறுத்தியதும் ரிம்மருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு வீலில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது.

பிரேக்கும் சரி என்றால்தான் அலைன்மென்ட். அதற்கு முன் வீலைத் தூக்கி, இரு பக்கமும் பிடித்து அசையுங்கள், பிறகு மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ரை ரொட் என்ட், போல் ஜொயின்ட் எனும் முன் வீல் மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் அடிக்கும் அலைன்மென்ட் ஒரு வாரமும் நிற்காது. அலைன்மென்ட் அடிக்கமுதலும் அடித்த பிறகும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். வண்டி நேராக ஓட ஸ்டியரிங் மட்டும் கோணலாக நின்றால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பிழை. வண்டியே இழுத்தால் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் வீலின் மேல்பக்கம் வெளியே அல்லது உள்ளே சாயும் அளவு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் வீல் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) வரிகளைப் பாருங்கள்: காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும், கேம்பர் கூடிய பக்கத்துக்கும் வண்டி போகும்.