துப்பாக்கிக் கட்டையில் பூசணம்: நாமே வரவழைப்பதுதான்

போன மாதம் ஒரு தம்பி தன் தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார். உறையின் ஜிப்பை இழுத்ததுமே நனைந்த செருப்பு வாடை. துப்பாக்கியின் மரப் பகுதியான கட்டை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. "பத்திரமா உறையிலதான் அண்ணே வெச்சிருந்தேன்" என்கிறார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். தோட்டா இல்லையா என்று பார்ப்பது, தூசி துடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உறையோடு பூட்டி வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. உறை, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு, குடிவைப்பதற்கு இல்லை. வால்பாறையில் இருந்தபோது ஜூன் மாதம் மழை தொடங்குமுன் என் துப்பாக்கியை நன்றாகத் துடைத்து, உள்ளே கம்பளித் துணி தைத்த தோல் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பெரிய வேலை முடித்தவன் மாதிரி இருந்துவிட்டேன். அக்டோபரில் திறந்தால், கன்னம் படும் இடத்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. என் வியர்வை ஊறிய இடம் அது, பூசணத்துக்கு அங்கேதான் சாப்பாடு. கைப்பிடியில் செதுக்கிய கட்டங்களின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பச்சை, பல் துலக்கும் பிரஷை வைத்துத் தேய்த்தாலும் முழுசாக வரவில்லை.

கட்டையையாவது ஒருவழியாகத் தேற்றிவிட்டேன். தோல் ஒட்டியிருந்த பக்கம் குழலில் துரு அரித்துக் குழி விழுந்துவிட்டது, அந்தக் குழிகள் இன்றைக்கும் இருக்கின்றன. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது ஏறிய அமிலமும் உப்பும் இரும்பைத் தின்னும். ஸ்பாஞ்ச் வைத்த உறையும் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான். பூசணம் வரத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை, காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றாலே போதும். மலையில் மழைக்காலம் முழுக்க அதுதானே நிலவரம்! அதனால் உறையை விட்டு எடுத்து, பூட்டிய பீரோவில், வெளிச்சுவரை ஒட்டாமல், சுற்றிக் காற்று படும்படி நிறுத்துங்கள். நல்ல மழையில் வாரம் ஒருமுறை திறந்து கட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் உடனே துடைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

தலைக்குத் தடவுங்கள். கட்டையில் தடவினால் சிக்குப் பிடிக்கும், பூசணத்துக்கும் விருந்து.

பின்தட்டைக் கழற்றிப் பார்க்காதது

தோளில் அழுத்தும் ரப்பர் தட்டுக்குப் பின்னால் மரம் பெரும்பாலும் பாலிஷ் இல்லாமல் வெறும் மரமாக இருக்கும். குறுக்கே வெட்டிய மரம் ஸ்ட்ரா போல ஈரத்தை இழுக்கும். வெளியே பளபளவென்று மெருகேற்றி இங்கே விட்டுவிட்டால் என்ன பயன்? இரண்டு திருகுதான், கழற்றி அங்கேயும் மெல்லிசாக வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு தட்டை மாட்டுங்கள்.

சிலிக்கா ஜெல்லைப் போட்டுவிட்டு மறப்பது

ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கும் இந்த நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் அதற்கப்புறம் அது வெறும் கல். சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்ப வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

வெயிலில் காயவைப்பது

கட்டையில் விரிசல் விழும். நிழலில், காற்றில் வையுங்கள்.

பிளீச்சிங் பவுடர்

கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மரம் வெளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, வினிகரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் கட்டையை மட்டும் துடைத்தாலே போதும், அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை. அந்தத் துணியைத் திரும்ப உறைக்குள் திணித்து வைக்காதீர்கள், அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறேன்.