எல்லாரும் திட்டுற மிஷன்ல எல்லாரும் பண்ற தப்புங்க

இந்த லீவுக்கு அக்கா பையன் பெரம்பூர்ல நம்ம வீட்டுக்கு வந்திருந்தான். கூடவே தெருப் பசங்க நாலஞ்சு பேரு ஹால்ல உக்காந்து ஜிடிஏ மாதிரி பழைய கம்ப்யூட்டர் கேம் எல்லாம் ஆடிக்கிட்டு இருந்தானுங்க. நான் லேப்டாப்ல வேலைய பாத்துக்கிட்டே காதுல வாங்கிட்டு இருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னாடி பிரவுசிங் சென்டர்ல நாங்க எந்த இடத்துல எப்படி மாட்டினோமோ, அதே இடத்துல அதே மாதிரி மாட்டுறானுங்க. கேம் சூப்பர், ஆனா நடுவுல ஒரு மிஷன், அதாவது கேம்ல குடுக்கிற ஒரு வேலை, மட்டும் உயிர எடுக்கும், அங்கேயே கேம விட்டுட்டு போயிடுறாங்க. அதான் இத எழுதுறேன். ரீலோட் பண்ண மறக்குறது, ஹெல்த் பாக்காம உள்ள பூந்துடுறது இதெல்லாம் சொல்லப் போறதில்ல, ரெண்டு தடவ செத்தா அது தானா வந்துடும்.

ட்ரெயினை ஒட்டி ஓட்டுறது

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ல 'ராங் சைட் ஆஃப் த ட்ராக்ஸ்'னு ஒரு மிஷன். ட்ரெயின் மேல நாலு பேர் நிப்பானுங்க, நாம பைக் ஓட்டணும், பின்னாடி உக்காந்திருக்கிற பிக் ஸ்மோக் சுடணும். தோத்தா ட்ரெயினை ஃபாலோ பண்ண கூட தெரியலையான்னு அவன் திட்டுற டயலாக் உலகம் பூரா மீம் ஆயிடுச்சு. ஃபாலோ பண்ணுன்னு சொன்னதும் எல்லாரும் ட்ரெயினோட பெட்டியில உரசுற மாதிரி ஓட்டுறாங்க, அங்கதான் தப்பு. மேல நிக்கிறவன கீழ இருந்து சுடணும்னா ஆங்கிள் வேணும், ஒட்டிப் போனா ஸ்மோக்கோட குண்டெல்லாம் பெட்டியிலதான் படும். கொஞ்சம் தள்ளி, ட்ரெயினோட ஸ்பீடுக்கே போங்க, அவன் பாட்டுக்கு சுடுவான். நடுவுல எதிர் ட்ராக்ல ஒரு ட்ரெயின் வரும், அத மறந்துடாதீங்க.

தொடாம இருக்க வேண்டியத முதல்ல தொடுறது

இதுக்காகத்தான் மொத்தமும் எழுதுறேன். இன்னைக்கும் யாராவது இத பண்றத பாத்தா எனக்கு கோவம் வருது.

ஜிடிஏ வைஸ் சிட்டியில 'டெமாலிஷன் மேன்'னு ஒரு மிஷன். 2002-ல ப்ளேஸ்டேஷன் 2-லயும் அடுத்த வருஷம் பிசிலயும் வந்த கேம், நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் இருந்த எல்லா வீட்லயும் இருந்துச்சு. ஏவரி காரிங்டன்னு ஒரு ரியல் எஸ்டேட் பெரிய மனுஷன் இந்த வேலைய குடுப்பான். கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு பில்டிங்க தகர்க்கணும், ஆனா நீங்க நேர்ல போக மாட்டீங்க. ஒரு வேன்ல உக்காந்துக்கிட்டு பொம்மை ஹெலிகாப்டர ரிமோட்ல ஓட்டி, நாலு பாம்ப ஒண்ணு ஒண்ணா தூக்கிட்டுப் போய் நாலு மாடியில வைக்கணும். ஏழு நிமிஷம் டைம். உள்ள கட்டட வேலை பாக்குறவங்க அடிப்பாங்க, செக்யூரிட்டி சுடுவான், சுவத்துல இடிச்சாலும் ஹெலிகாப்டர் அடி வாங்கும். அதுவரைக்கும் கார் ஓட்டி, துப்பாக்கி சுட்டுப் பழகின கைக்கு இந்த கன்ட்ரோல் சுத்தமா புதுசு.

இதுல முக்கால்வாசிப் பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. டைமர் மிஷன் ஆரம்பிச்ச உடனே ஓடாது. முதல் பாம்ப தூக்கினாதான் ஓட ஆரம்பிக்கும். அதுவரைக்கும் எவ்ளோ நேரம் வேணும்னாலும் அந்த ஹெலிகாப்டர சும்மா ஓட்டலாம், எவனும் கேக்க மாட்டான். பில்டிங்குக்குள்ள போகலாம், படிக்கட்டுல எப்படி திருப்பி ஏத்துறதுன்னு பழகலாம், எந்த மாடியில எந்த மூலையில பாம் வைக்கணும்னு பாத்து வெச்சுக்கலாம், இறக்கையாலயே செக்யூரிட்டியையும் வேலையாளுங்களையும் ஒருத்தர் விடாம காலி பண்ணிடலாம். அதுக்கப்புறம் பாம்ப தூக்கினா ஏழு நிமிஷம் தாராளம்.

ஆனா எவனும் அப்படி பண்றதில்ல. ஹெலிகாப்டர் கைக்கு வந்த அடுத்த செகண்டு பாம்ப தூக்கிடுறான். கேட்டா, "இந்த மிஷன் போர் மாமா, சீக்கிரம் முடிச்சுட்டு அடுத்ததுக்கு போகணும்"ங்கிறான். அந்த அவசரம்தான் எல்லாத்தையும் கெடுக்குது. முன்னாடி பக்கம் போக எந்த பட்டன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நிமிஷம் போயிடும், முதல் மாடி தேடுறதுல இன்னொரு நிமிஷம், அதுக்குள்ள நாலு பேர் சுத்தி நின்னு அடிப்பான், ஹெலிகாப்டர் புகைய விட்டு வெடிக்கும். பஸ்ல ஏறி டிக்கெட்டும் வாங்கிட்டு அப்புறம் இது எந்த நம்பர்னு விசாரிக்கிற மாதிரி இருக்கு.

நாங்க போயிட்டு இருந்த பிரவுசிங் சென்டர்ல ஒரு அண்ணா இருந்தாரு, காலேஜ் படிச்சிட்டு இருந்தாரு. ஹெலிகாப்டர் மிஷன்ல யார் மாட்டினாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. அவர் வந்து உக்காந்தா பாம் பக்கமே போக மாட்டாரு, பாட்டுக்கு மாடி மாடியா சுத்துவாரு. மணிக்கு காசு குடுத்து உக்காந்திருக்கோம், இவரு சுத்திக்கிட்டே இருக்காரேன்னு எங்களுக்கு பத்திக்கிட்டு வரும், "அண்ணா பாம்ப எடுங்கண்ணா, டைம் போகுதுண்ணா"ன்னு கத்துவோம். அவர் திரும்பி ஸ்க்ரீன காட்டி, "எங்கடா போகுது? டைமர் எங்க இருக்குன்னு காட்டு பாக்கலாம்"னாரு. ஸ்க்ரீன்ல டைமரே இல்ல. அத்தன நாள் அத்தன பேரு ஆடியும் ஒருத்தன் கண்ணுலயும் படல.

இதனால போறது ஒரு சாயங்காலம் மட்டும் இல்லங்க. அப்பல்லாம் ஃபெயில் ஆனா திரும்ப ஏவரிகிட்ட போய், கதைய பாத்து, வேன் வரைக்கும் வண்டி ஓட்டி, அப்புறம்தான் ட்ரை பண்ணணும், அதுலயே பாதிப் பேருக்கு வெறுத்துப் போச்சு. இன்னைக்கும் என் வயசு ஆளுங்ககிட்ட வைஸ் சிட்டி பத்திப் பேசினா, "அந்த ஹெலிகாப்டர் மிஷன் வரைக்கும் ஆடினேன்பா"ன்னு சொல்றவங்க எவ்ளோ பேர் தெரியுமா? மாலிபு க்ளப்ப வாங்கினதில்ல, ஐஸ்க்ரீம் ஃபேக்டரி, ஃபிலிம் ஸ்டுடியோ எதையும் பாத்ததில்ல, அந்த கேமோட நல்ல பாதி அவங்களுக்கு தெரியவே தெரியாது. அவ்ளோ நல்ல கேம் பாம்ப முன்கூட்டி தூக்கின ஒரு காரணத்துக்காக போயிடுச்சேன்னு எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். 2021-ல புதுப்பிச்சு வந்த டெஃபினிட்டிவ் எடிஷன்ல தோத்த உடனே திரும்ப ஆரம்பிக்கலாம், அலைச்சல் மிச்சம். ஆனா பசங்க அதுலயும் முதல்ல பாம்பத்தான் தூக்குறானுங்க.

இன்னொண்ணு, பழைய பிசி வெர்ஷன்ல ஹெலிகாப்டர சாய்க்கிற கன்ட்ரோல் நம்பேட்ல, அதாவது கீபோர்டு வலது ஓரத்து நம்பர் கீல, இருக்கும். லேப்டாப்ல நம்பேட் இல்லன்னா செட்டிங்ஸ்ல கீ மாத்திட்டு உள்ள போங்க. நம்ம பையனுக்கு ஹெலிகாப்டர் முன்னாடியே நகரல, கேம்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தான்.

இந்த மாதிரி மிஷன் எந்த கேம்ல வந்தாலும் நான் முதல்ல பாக்குறது, கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிக்குது, எதைத் தொட்டா ஓட ஆரம்பிக்குது. நிறைய இடத்துல அது நம்ம கையிலதான் இருக்கும்.

எல்லாரையும் சுட்டே ஆகணும்னு நினைக்கிறது

ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.ன்னு ஒரு துப்பாக்கி கேம். மிஷன் நடுவுல சேவ் கிடையாது, செத்தா மொதல்ல இருந்து ஆடணும். 2012-ல சென்னையில தினமும் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்தப்போ இத ஆடினவங்களுக்கு தெரியும் அந்த வலி. எல்லாரையும் சுடப் போகாம, கேம்லயே இருக்கிற மேப் கம்ப்யூட்டர திறந்து எங்க போகணுமோ அங்க மட்டும் போங்க.

இருட்டுல ஓடுறது

மேக்ஸ் பெய்ன்னு ஒரு துப்பாக்கி கேம். அதுல கெட்ட கனவுல வர்ற இடத்துல, இருட்டுல ஒரு ரத்தக் கோடு மேலயே போகணும், தவறினா விழுந்து செத்தோம். ஓடாம நடங்க. தாண்டின ஒவ்வொரு இடத்துலயும் க்விக் சேவ் பண்ணுங்க.

கட்டாயம் எது, சும்மா எதுன்னு பாக்காதது

சான் ஆண்ட்ரியாஸ்ல ஸீரோன்னு ஒருத்தன் குடுக்கிற பொம்மை ப்ளேன் மிஷன்ல, பெட்ரோல் தீந்து தீந்து மாசக்கணக்கா மாட்டினவன எனக்குத் தெரியும். அந்த ஸீரோ மிஷன் எதுவும் கதைக்கு தேவையே இல்ல! நூறு பர்சன்ட் வேணும்னா மட்டும்தான். ஆனா அதே கேம்ல பாலைவனத்துல வர்ற ஃப்ளையிங் ஸ்கூல் கட்டாயம், அது இல்லாம கதை நகராது. பசங்க இத தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்கானுங்க, ஃப்ளையிங் ஸ்கூல்ல கோல்டு வாங்கணும்னு உக்காந்திருக்கானுங்க. ப்ரான்ஸ் மெடலே போதும், எழுபது பர்சன்ட் வந்தா பாஸ், கோல்டெல்லாம் அப்புறம் பொறுமையா வந்து வாங்கிக்கலாம்.

கஷ்டத்தையும் கடுப்பையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறது

நம்ம ஊர்ல நின்டென்டோ ஆடினவங்க கம்மி, ஆனா இப்ப எமுலேட்டர்ல (வேற மெஷின் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) நிறைய பேர் நின்டென்டோவோட செல்டா கேம்ங்கள ஆடுறாங்க, அதனால சொல்றேன். 1998-ல வந்த செல்டா கேம் ஓகரினா ஆஃப் டைம்ல வாட்டர் டெம்பிள்னு ஒரு இடம், உலகமே திட்டுற இடம். அங்க எதிரிங்க ஒண்ணும் அவ்ளோ மோசம் இல்ல. இரும்பு பூட்ஸ் போட்டா தண்ணிக்கு அடியில போகலாம், கழட்டினா மேல வரலாம். ஒவ்வொரு தடவையும் கேம பாஸ் பண்ணி மெனுவுக்குள்ள போய் மாட்டணும், கழட்டணும், அதுதான் ஆள கொல்லுது. அந்த கேம உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான அயோனுமாவே பின்னாடி இதுக்கு வருத்தம் தெரிவிச்சிருக்காரு. 2011-ல நின்டென்டோவோட கையடக்க மெஷினான 3டிஎஸ்ல வந்த வெர்ஷன்ல பூட்ஸ ஒரு பட்டன்லயே போட்டுக்கலாம், தண்ணி மட்டத்த மாத்துற இடத்துக்கு வழி காட்ட சுவத்துல கலர் கோடும் போட்டுட்டாங்க. ஆடணும்னு ஆசை இருந்தா அந்த வெர்ஷன்ல ஆடுங்க. அங்க சாவி ஒண்ணு குறையுதுன்னா நடு டவர்ல தண்ணிய ஏத்தினதும் ஒரு கட்டை மிதந்து மேல வரும், அதுக்கு அடியில இருக்கிற ஓட்டைக்குள்ள இறங்கிப் பாருங்க. நிறைய பேர் விட்டுட்டுப் போற இடம் அது.

ஒரே வழிதான்னு நினைக்கிறது

டார்க் சோல்ஸ் கேம்ல ப்ளைட்டவுன்னு ஒரு கஷ்டமான இடம். ஆரம்பத்துலயே மாஸ்டர் கீங்கிற சாவிய எடுத்திருந்தா நியூ லண்டோங்கிற இடத்துப் பக்கமா அதுக்கு ஒரு பின்வாசல் இருக்கு.

தூக்கம் வரும்போது இன்னும் ஒரு தடவன்னு உக்காரறது

வேணாம். படுங்க.

அடுத்தவன் சேவ் ஃபைல போட்டுக்கிறது

கடைசியா பசங்க எடுக்கிற முடிவு இதுதான். நெட்ல எவனோ முடிச்சு வெச்ச நூறு பர்சன்ட் சேவ இறக்கி, நம்ம சேவ் மேலயே போட்டுடுறது. மிஷன் போயிடும், கூடவே உங்க காசு, உங்க வீடு, நீங்க தேடிப் பொறுக்கினது எல்லாமும் போயிடும். அப்புறம் ஆட ஒண்ணுமே இருக்காது, ரெண்டு நாள் டாங்க் ஓட்டிட்டு கேம அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்க. நான் பாத்த எல்லாரும் அப்படித்தான் விட்டாங்க. வைஸ் சிட்டியில சேவ் பண்ண எட்டு ஸ்லாட் இருக்கு, எட்டையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணுங்க. அப்படியும் வேற சேவ் வேணும்னே தோணுச்சுன்னா, டாக்குமென்ட்ஸ்ல இருக்கிற ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டர முதல்ல அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சுட்டு, நீங்க மாட்டியிருக்கிற அந்த ஒரு மிஷன் மட்டும் முடிஞ்ச சேவா பாத்து தேடுங்க.