ரெய்டு 1-இலிருந்து ரெய்டு 5-க்கு: வீட்டு நாஸில் இடத்தைப் பெருக்குதல்

இரண்டு 4 டெராபைட் வட்டுகளை ரெய்டு 1 முறையில் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு முறைகளில் ஒன்று) இணைத்திருக்கும் சைனாலஜி நாஸில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் கருவி), ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படுவதால் நமக்குக் கிடைப்பது 4 டெராபைட் மட்டுமே. அதே அளவுள்ள மூன்றாவது வட்டைச் சேர்த்து, தரவையும் அதை மீட்க உதவும் தகவலையும் எல்லா வட்டுகளிலும் பரப்பி எழுதும் ரெய்டு 5-க்கு மாற்றினால், ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும் பாதுகாப்பை இழக்காமலே 8 டெராபைட் கிடைக்கும்.

முதலில் எல்லாத் தரவையும் வெளி வட்டு ஒன்றில் பிரதியெடுத்து, சில கோப்புகளையேனும் திறந்து சரிபாருங்கள். இதைச் செய்யாமல் மேலே செல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றத்தின்போது பழைய வட்டுகளின் ஒவ்வொரு பகுதியும் படிக்கப்பட்டுப் புதிய அமைப்பில் திரும்ப எழுதப்படுவதால், அதுவரை மறைந்திருந்த பழுதுகள் அப்போது வெளிப்படக்கூடும். ஆகவே வட்டு தன் நிலையைத் தானே பரிசோதிக்கும் விரிவான ஸ்மார்ட் சோதனையை முன்கூட்டியே ஓட்டி, பழுதான செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய வட்டு, இருப்பவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் திரும்ப எழுதும்போது மெதுவாகும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையை வாங்குவது நல்லது. அதைச் செருகி, நாஸின் ஸ்டோரேஜ் மேனேஜர் செயலியில் ஸ்டோரேஜ் பூலை (இணைக்கப்பட்ட வட்டுகளின் தொகுப்பு) தேர்ந்து, ‘சேஞ்ச் ரெய்டு டைப்’ வழியே ரெய்டு 5-ஐக் குறிக்கவும். புதிய வட்டில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். ரெய்டு 1-க்குத் திரும்பும் வழியும் அந்த மெனுவில் இல்லை.

வேலை முடிய பல மணி நேரமோ சில நாள்களோ ஆகலாம். இடையில் கோப்புகளைப் பயன்படுத்தலாம், வேகம்தான் குறையும். மின்வெட்டுக்கு யூபிஎஸ் அவசியம்.

முடிந்தபின் வால்யூம் (ஸ்டோரேஜ் பூலில் கோப்புகள் இருக்கும் பகுதி) பழைய அளவிலேயே நின்றால், அதன் அமைப்புகளில் கொள்ளளவை உச்சத்துக்கு உயர்த்தவும். வட்டு நிறுவனங்கள் 1000-இன் மடங்குகளிலும் கருவி 1024-இன் மடங்குகளிலும் கணக்கிடுவதால், 8 டெராபைட் என்பது திரையில் 7.2-ஐ ஒட்டியே தெரியும்.