பழைய 944 டர்போல இருந்து 911க்கு மாறுறீங்களா? முதல்ல வலது காலுக்குப் பாடம் எடுங்க

ஒம்பது வருஷமா 1987 மாடல் போர்ஷே 944 டர்போ வச்சிருந்தேன், அதை வித்துட்டு 2010 மாடல் 911 கரேரா வாங்கி இப்ப ஒன்றரை வருஷம் ஆகுது. நான் இருக்கிறது ஜெர்மனில, அதனால இதுல வர்ற ரோடு, மழை, குளிர் எல்லாம் இந்த ஊர் கணக்குதான். இதே மாதிரி மாறணும்னு இருக்கிறவங்களுக்காக எந்த வரிசைல கத்துக்கணுமோ அந்த வரிசைல எழுதுறேன், கார் பத்தி பெருசா தெரியாதவங்களும் படிக்கிற மாதிரி. பொறுமையா படிங்க, ஏன்னா இந்த மாற்றத்துல பழைய அனுபவமே சில இடத்துல ஆபத்தா வந்து நிக்கும்.

படி 1: ரெண்டு காரும் எப்படி வேறன்னு தலைல ஏத்திக்கோங்க

944 டர்போல 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின் முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடி ஆக்ஸில்கிட்ட, நடுவுல ரெண்டையும் சேர்க்கிற நீளமான குழாய். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ரெண்டு முனையிலயும் குடம் கட்டின காவடியை தோள்ல வச்சுட்டு திரும்பிப் பாருங்க, மெதுவாத்தான் திரும்பும், சட்டுனு சுத்தாது, 944ம் அப்படித்தான், என்ன பண்ணப் போகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் பண்ணும்.

911 அப்படி இல்ல. இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி, எடைல ஏறக்குறைய 38 சதவீதம் முன்னாடி, 62 சதவீதம் பின்னாடி. சைக்கிள் கேரியர்ல அரிசி மூட்டை கட்டிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்திருக்கீங்களா, ஹேண்டில் பார் லேசாகி முன் சக்கரம் தரைல ஒட்டாத மாதிரி ஆடும், பிரேக் பிடிச்சா முன்னாடி அழுத்தம் வந்து ஹேண்டில் நம்ம பேச்சு கேக்கும், வளைவுல தடுமாறினா மூட்டை ஒரு பக்கமா இழுக்கும். 911ஓட மொத்த குணமும் அந்த மூட்டைல இருக்கு, இதை மறக்காதீங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகம் பேசுறதில்ல. 944 டர்போ இன்ஜினோட கம்ப்ரெஷன் (சிலிண்டர் உள்ள போற காத்தை பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குதுங்கிற கணக்கு) 8க்கு 1, என் 911ல 12.5க்கு 1. கம்ப்ரெஷன் கம்மியா இருக்கிற டர்போல காலை எடுத்தா கார் சும்மா உருளும், இன்ஜின் பெருசா பிடிக்காது. 911ல ஆக்ஸிலேட்டரை விட்ட உடனே இன்ஜின் பிடிக்கும், அதுவும் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். அதாவது காலை எடுக்கிறதே ஒரு சின்ன பின் பிரேக்.

(கதைக்காக ஒண்ணு: 911க்கு பதிலா வரணும்னுதான் 1970கள்ல முன் இன்ஜின் 928ஐ போர்ஷே கொண்டு வந்தாங்க, 924, 944 எல்லாம் அதே பின்-கியர்பாக்ஸ் யோசனைல வந்த வண்டிங்கதான். 1981ல பீட்டர் ஷூட்ஸ் தலைவரா வந்து 911ஐ நிறுத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணாரு. அதனாலதான் இன்னைக்கு நாம இந்த மாற்றத்தைப் பத்தி பேசவே முடியுது.)

படி 2: எந்த 911 வாங்குறதுன்னு முடிவு பண்றது

911லயே ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மாடல் நம்பர் உண்டு. தண்ணி கூலிங் வந்த முதல் 911 வந்து 996, 1997ல அறிமுகம் ஆச்சு. அதுக்கடுத்து 997. இந்த ரெண்டுலயும் 2008 வரைக்கும் வந்த சாதாரண கரேரா இன்ஜின்ல உள்ள ஒரு இடைத்தண்டு இருக்கு, அதோட பேரிங் போச்சுன்னா இன்ஜினே போச்சு. எல்லா காருக்கும் ஆகுறதில்ல, ஆனா ஆச்சுன்னா செலவு பயங்கரம். 996லயும் ஆரம்ப 997லயும் அந்த பேரிங்கை மாத்த வழி இருக்கு, அதுக்கப்புறம் 2008 வரைக்கும் பேரிங் பெருசு, உறுதியானது, ஆனா இன்ஜினைப் பிரிக்காம வெளில எடுக்க முடியாது. 2009 மாடல்ல இருந்து வந்த புது இன்ஜின்ல அந்த தண்டே கிடையாது, அதனாலதான் நான் ரெண்டாவது ஜெனரேஷன் 997 எடுத்தேன். 3.6 லிட்டர், 345 குதிரைத்திறன், என் பழைய 944ல 220.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க செலவுல, விக்கிறவருக்கு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை வச்சு செக் பண்ணுங்க. மூணு விஷயம் கண்டிப்பா கேளுங்க. ஒண்ணு, சிலிண்டர் சுவர்ல கீறல் இருக்கான்னு கேமரா விட்டு பாக்கணும், முக்கியமா 2008 வரைக்கும் வந்த காருங்கள்ல. ரெண்டு, இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஓவர்ரெவ் பதிவு, தப்பான கியர் போட்டு இன்ஜினை அளவுக்கு மீறி சுத்த விட்டிருந்தா 1ல இருந்து 6 வரைக்கும் தரம் பிரிச்சு எத்தனையாவது மணி நேரத்துல நடந்துச்சுன்னு சேத்து எழுதி வச்சிருக்கும், 4க்கு மேல சமீபத்துல பதிவு இருந்தா நான் அந்த காரை விட்டுடுவேன். மூணு, முன் பம்பர் உள்ள இருக்கிற ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும், அங்க இலை போய் அடைஞ்சு ஈரத்துல மக்கி அலுமினியத்தை அரிச்சிரும்.

பழைய காரை விக்கிறது பத்தி ஒரே வரி: 944 இன்ஜின்ல டைமிங் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அதனால பெல்ட் மாத்தின பில்லை பத்திரமா ஃபைல்ல வைங்க, வாங்குறவர் முதல்ல அதைத்தான் கேப்பாரு.

படி 3: முதல் நாள், ஓட்டாம

சாவி கதவு பக்கம் இருக்கு. டிக்கி முன்னாடி. ஆயில் பாக்குற குச்சியைத் தேடாதீங்க, 997ல கிடையாது, சமதளத்துல நிறுத்தி மீட்டர் மெனுல பாக்கணும், எப்படின்னு மேனுவல்ல போட்டிருக்கும், அது சொல்ற வரிசைப்படியே பண்ணுங்க. கோடு ஒண்ணு குறைஞ்சா உடனே ஒரு லிட்டர் ஊத்திடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பாருங்க, அதிகமானாலும் கெடுதல்தான்.

மீட்டர் வரிசைல ஆயில் சூடு காட்டுற முள்ளு தனியா இருக்கும். அது 80 டிகிரி தாண்டுற வரைக்கும் நான் இன்ஜினை நிமிஷத்துக்கு 4000 சுத்துக்கு மேல விடுறதில்ல, தண்ணி சூடாயிருச்சேன்னு பாத்து ஏமாறாதீங்க, ஆயில் சூடாக அதைவிட ரொம்ப நேரம் ஆகும். டர்போ காலத்துல வேகமா ஓட்டிட்டு வந்ததும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டுட்டு ஆஃப் பண்ற பழக்கம் எனக்கு இருந்துச்சு, இந்த கரேரால டர்போவே இல்ல, அதனால அது தேவையில்ல.

படி 4: டயர்

இதை சாதாரணமா விட்டுடாதீங்க, 911ல டயர்தான் பாதி கார். 944ல முன்னாடி 205, பின்னாடி 225 அகலம், பெரிய வித்தியாசம் இல்ல. என் 911ல முன்னாடி 235, பின்னாடி 265. காத்தும் பின்னாடி அதிகம், முன்னாடி கம்மி, நாலுலயும் ஒரே அளவு அடிச்சா கார் குணமே மாறிடும். வண்டில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல அளவு இருக்கும், டயர் ஆறி இருக்கும்போது அடிங்க.

டயர் பக்கவாட்டுல DOTங்கிற எழுத்துக்கப்புறம் கடைசில நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. நான் வாங்கின கார்ல பட்டை புதுசு மாதிரி ஆழமா இருந்துச்சு, ஆனா நம்பர் பாத்தா ஏழு வருஷம் பழசு, நகத்தால அழுத்தினா ரப்பர் அமுங்கவே இல்ல, பிளாஸ்டிக் மாதிரி. நாலையும் மாத்தினப்புறம் அது வேற கார். அப்புறம் வெயில்கால டயர் 7 டிகிரிக்கு கீழ இறுகிப் போகும், அக்டோபர் காலைல இது ரொம்ப முக்கியம்.

படி 5: காலி இடத்துல பழகுறது

ரோட்டுல கத்துக்காதீங்க. இங்க ஏடிஏசி (ஜெர்மனியோட கார் ஓட்டுறவங்க சங்கம்) மாதிரி அமைப்புங்க சொந்த காரோட வரச்சொல்லி டிரைவிங் பயிற்சி நடத்துறாங்க, தண்ணி ஊத்தின வழுக்குத் தரைல வட்டமா ஓட்ட விடுவாங்க. ஒரு நாள் காசு குடுத்து போயிட்டு வாங்க, 911 வாங்கினவங்க முதல் மாசமே பண்ண வேண்டிய செலவு அது.

அங்க நான் பண்ணது இதுதான். பிஎஸ்எம் (கார் வழுக்கினா தானா பிரேக் பிடிச்சு நேராக்குற போர்ஷே சிஸ்டம்) ஆன்ல, ரெண்டாவது கியர்ல ஈரமான வட்டத்துல ஒரே சீரா சுத்தணும். கொஞ்சம் கொஞ்சமா ஆக்ஸிலேட்டர் குடுத்தா முன் பக்கம் வெளிய தள்ளிக்கிட்டே போகும், ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினாலும் கேக்காது, கைல ஸ்டீயரிங் லேசாயிரும், அதான் மூட்டை கட்டின சைக்கிள். இப்ப கால் பெருவிரலை மட்டும் ஒரு துளி தூக்கினா மூக்கு உள்ள வரும். அந்த ஒரு துளி எவ்வளவுன்னு உங்க கால் கத்துக்கிற வரைக்கும் சுத்துங்க, எனக்கு கிட்டத்தட்ட இருபது சுத்து ஆச்சு. அதுக்கப்புறம் பயிற்சியாளர் ரேடியோல சொன்னாரு, இப்ப காலை முழுசா எடுங்கன்னு. எடுத்தேன். பின்னாடி இருந்து யாரோ காரை பக்கவாட்டுல தள்ளின மாதிரி இருந்துச்சு, மீட்டர்ல பிஎஸ்எம் விளக்கு துடிச்சுச்சு, காலுக்கடில டக்டக்டக்னு பிரேக் தானா வேலை செஞ்சுச்சு, கார் நேரா வந்துருச்சு. ஒரு துளிக்கும் முழுசுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இந்த கார்.

படி 6: ரோட்டுல ஒரு வளைவு

இதுதான் முக்கியமான இடம். 944 டர்போல 3000 சுத்துக்கு கீழ ஒண்ணும் நடக்காது, அமுக்கினா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தள்ளும், அதனால நம்ம கால் என்ன கத்துக்கிட்டிருக்கும்னா, வளைவோட நடுவுக்கு முன்னாடியே அமுக்கிரு, வெளிய வரும்போது டர்போவோட தள்ளு வந்திரும்னு. ஒம்பது வருஷப் பழக்கம் அது. அதே காலோட 911ல அதே இடத்துல அமுக்கினா தாமதமே இல்லாம அப்பவே தள்ளும், எடை பின்னாடி போகும், முன் சக்கரம் லேசாகும், கார் வெளிய போகும், பயந்து காலை எடுப்பீங்க, இன்ஜின் பின் சக்கரத்தைப் பிடிக்கும், எடை முன்னாடி வரும், பின்னாடி இருக்கிற மூட்டை சுத்திக்கிட்டு வரும். ரெண்டு தப்பும் ரெண்டு நொடில. எனக்கு இது ஆனது ஆட்டோபான்ல இருந்து இறங்குற ஒரு ஈர வளைவுல, 60 கிலோமீட்டர் வேகம்கூட இல்ல, பிஎஸ்எம்தான் காப்பாத்துச்சு, அதுக்கப்புறம்தான் மேல சொன்ன பயிற்சிக்கே போனேன்.

அதனால வரிசை இப்படி. வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே பிரேக் பிடிச்சு வேகத்தை முடிச்சிருங்க, தேவைன்னு நினைக்கிறதைவிட கொஞ்சம் அதிகமாவே குறைங்க. கியர் இறக்குறதும் அங்கயே முடியணும், கிளட்சை டப்புனு விட்டா ஈரத்துல பின் சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும், லேசா ஆக்ஸிலேட்டர் தட்டி சுத்தை சேத்துட்டு விடுங்க. திரும்ப ஆரம்பிக்கும்போது பிரேக்கை ஒரேயடியா விடாம மெதுவா விடுங்க, அந்த கடைசி துளி பிரேக்தான் முன் சக்கரத்தை தரைல அழுத்தி வைக்குது. திரும்பினதும் ஆக்ஸிலேட்டரை காகிதத்தை தொடுற மாதிரி தொட்டு, கார் வேகம் கூடவும் வேணாம் குறையவும் வேணாம்னு அப்படியே பிடிச்சு வைங்க. வெளிய போற வழி கண்ணுல தெரிஞ்சு ஸ்டீயரிங்கை நேராக்க ஆரம்பிச்சப்புறம் அமுக்குங்க. அப்ப பாருங்க, அந்த எடை மொத்தமும் பின் டயர்மேல உக்காந்து வழுக்காம தள்ளும், 944ல இந்த சுகம் கிடைக்கவே இல்ல எனக்கு.

வளைவு நினைச்சதைவிட இறுக்கமாயிருச்சுன்னா? காலை முழுசா எடுக்காதீங்க, அந்த பெருவிரல் துளி மட்டும் குறைங்க, கண்ணை போக வேண்டிய இடத்துல வைங்க. தினமும் போற ஒரே ஒரு வளைவை எடுத்துக்கிட்டு, சட்டப்படியான வேகத்துல, ஒரு மாசம் இதையே பழகுங்க. எனக்கு அப்படி ஒரு ரவுண்டானா இருக்கு, ஆபீஸ் போற வழில.

படி 7: முதல் வருஷம்

பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, பழைய ஓனர் எப்ப மாத்தினாருன்னு தெரியலைன்னா இப்பவே. இலை உதிர்ற காலம் முடிஞ்சதும் முன் பம்பரோட ஓட்டைல டார்ச் அடிச்சு பாருங்க, நான் போன நவம்பர்ல பம்பரை கழட்டினப்ப ரெண்டு பக்கமும் சேத்து ஒரு பை நிறைய கறுப்பா மக்கின இலை வந்துச்சு, நடுவுல ஒரு சிகரெட் பாக்கெட் அட்டையும். வாக்குவம் கிளீனரும் மெல்லிசான பிரஷும் போதும், தண்ணியை வேகமா பீச்சினா ரேடியேட்டரோட மெல்லிசு தகடு மடங்கிரும்.

பிஎஸ்எம் ஆஃப் பட்டனை ரோட்டுல தொடாதீங்க. பெரிய ரேஸ் டிராக் பக்கம் போறதுன்னா ஒரு முழு கோடையும் ஒரு முழு மழைக்காலமும் இந்த கார்ல ஓட்டினப்புறம் போங்க, அதுவும் முதல் தடவை பக்கத்து சீட்ல பயிற்சியாளர் இருக்கணும். எனக்கு அடுத்த மே மாசம் தேதி குடுத்திருக்காங்க, முன் டயர் ரெண்டும் அதுக்குள்ள தேய்ஞ்சிரும் போலத்தான் இருக்கு, ஏப்ரல்லயே மாத்திடணும்.