ஏறும்போதே கவர் கேட்பவர்களுக்கு

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வீடு வால்பாறை என்றதும் அம்மா ஜாதகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, ரோட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். "இவ நாமக்கல்லுல இருந்து சேலம் போறதுக்குள்ளயே ரெண்டு தடவ ஜன்னல்ல தலைய விடுவா. அந்த மலைய எப்படிங்க ஏறுவா?" என்று தரகரிடமே கேட்டுவிட்டாள். கேட்டதில் தப்பில்லை. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள், வாந்தி எடுத்தவர் எந்த வளைவில் எடுத்தோம் என்று கணக்குச் சொல்ல வசதியாக.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குகிறேன். இப்போது பத்துத் தடவையில் எட்டுத் தடவை வயிறு சொன்ன பேச்சைக் கேட்கிறது. இடையில் ரயில் பழகியது, போன வருஷம் கப்பலும் ஏறியாயிற்று. எனக்குப் பலித்ததையும் பலிக்காததையும் எழுதுகிறேன்.

இது வயிற்றுக் கோளாறு இல்லை. காதுக்கும் கண்ணுக்கும் நடக்கிற சண்டை. உட்காதுக்குள் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. வண்டி திரும்பினால் அந்தத் திரவம் நகர்ந்து "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். அதே நேரம் நீங்கள் குனிந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் "எதுவும் அசையவில்லையே" என்னும். இரண்டு பேர் இரண்டு மாதிரி சாட்சி சொன்னால் மூளை குழம்பும், தண்டனை வயிற்றுக்கு. இந்தச் சண்டையை எப்படிக் குறைப்பது என்பதுதான் கீழே இருக்கிற எல்லாமே.

காரில் போகிறவர்கள் முதலில் முன் சீட்டைப் பிடியுங்கள். மாமியாரோ மாமனாரோ வருகிறார்கள் என்று கூச்சப்பட்டுப் பின்னால் போய் உட்காராதீர்கள். நான் இரண்டு வருஷம் கூச்சப்பட்டேன். மூன்றாவது வருஷம் அத்தையே, "நீ முன்னாடி உட்காரு கண்ணு, என் சேலை தப்பிக்கும்" என்றார். முன்னால் உட்கார்ந்தால் வளைவு வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராததற்கும் அதுதான் காரணம். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பிடித்தால் ராஜா. ஒரு தடவை கொழுந்தன் ஓட்ட, இவர் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தார். இருபதாவது வளைவுக்கு அப்புறம் பேச்சையே காணோம். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

பார்வை ரோட்டின் மேலே, தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் வழியாகப் பக்கத்து மரங்களைப் பார்த்தால் அவை ஓடுகிற ஓட்டத்திலேயே தலை சுற்றும். வளைவு திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாயும். சாய விடாமல், டிரைவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் நீங்களும் லேசாகச் சாயுங்கள். தலையைச் சீட்டில் ஒட்டி வையுங்கள். தலை ஆட ஆடத்தான் காதுக்குள் இருக்கும் திரவமும் ஆடும்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு போனால் வராது என்று நினைத்து ஒரு தடவை பட்டினியாக ஏறினேன். வந்தது, பித்தம் மட்டும் கசப்பாக. இன்னொரு தடவை பொள்ளாச்சியில் பூரி மசால். அதைப் பற்றி எழுத வேண்டாம். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை. தேங்காய்ச் சட்னி கிடையாது, காபி கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான், மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. "அண்ணா, எனக்கு வாந்தி வரும், வளைவுல மெதுவாப் போங்க" என்றால் நல்ல டிரைவர் தானாகவே ஒரே சீராக ஓட்டுவார். வேகத்தைவிட மோசம், பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. ஒரு வாடகைக் கார்க்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு சடாரென்று மிதித்தார். அதன் பலனை அவருடைய கால்மிதிதான் அனுபவித்தது. காருக்குள் தொங்கும் வாசனை டப்பாவையும் ஏறும்போதே கழற்றி டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் மலைக்காற்றே பாதி வைத்தியம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. ஆழியாறு அணை கீழே தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் ரோட்டோரமாக வரையாடு நிற்கும். குமட்டல் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே பத்து நிமிஷம் இறங்கி நின்று, தூரத்துச் சமவெளியைப் பாருங்கள். வாயில் எச்சில் ஊறுவதும் கொட்டாவி மேல் கொட்டாவி வருவதும்தான் முதல் எச்சரிக்கை. அப்போதே நிறுத்தச் சொல்ல வேண்டும். "அடுத்த வளைவுல பார்த்துக்கலாம்" என்று பொறுத்தால் அடுத்த வளைவு உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

பஸ் என்றால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டும் கடைசி வரிசையும் வேண்டாம். அவ்வளவுதான்.

கைவைத்தியத்தில் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்வதும், பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பாவும் எனக்குக் கொஞ்சம் உதவுகின்றன. மாத்திரை என்றால் மருந்துக்கடையில் எல்லோரும் கேட்பது அவோமின். புரோமெத்தசின் வகை. குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, கிளம்புவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். நன்றாகத் தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. நான் வளைவுள்ள ரோட்டுக்கும் கப்பலுக்கும் மட்டும்தான் போடுகிறேன்.

ரயிலுக்கு மாத்திரை தேவைப்பட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். சேர் கார் பெட்டியில் பாதிச் சீட்டுகள் ரயில் போகிற திசைக்கு முதுகைக் காட்டியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது அப்படி ஒரு சீட். ஈரோடு வருவதற்குள் தலை கனக்க ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த காலேஜ் பையனிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க்கா, வாங்க" என்று எழுந்துவிட்டான். யாரிடமாவது கேட்டால் மாற்றிக்கொடுப்பார்கள், டிக்கெட் பரிசோதகரிடமும் கேட்கலாம். ஸ்லீப்பரில் பெட்டியின் நடுப்பகுதி நல்லது. 72 படுக்கை உள்ள பழைய பெட்டியில் 33 முதல் 40 வரை நடுவில் வரும். பெட்டியின் இரண்டு கோடியிலும் சக்கரத்தின் குலுக்கலும் கழிவறை வாசமும் சேர்ந்துகொள்ளும். மேல் படுக்கை ஆட்டம் அதிகம், கீழ்ப் படுக்கை கேளுங்கள்.

ஊட்டி மலை ரயிலில் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டுதான் ஏறினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். வால்பாறையைப் போல ஐந்து மடங்கு! ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி நடை வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுகிறது. ஐந்து மணி நேரத்தில் ஒரு ஏப்பம்கூட வரவில்லை. வளைவை விட வேகமும் வெடுக்கென்ற திருப்பமும்தான் ஆளைப் புரட்டுகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாந்திக்காரக் குழந்தைகளை மலைக்குக் கூட்டிப் போக இதைவிட நல்ல வழி இல்லை. டிக்கெட்தான் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இனி கப்பல். 2022 ஜூனிலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்புகிறது. சென்னையில் ஏறி, இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்கும் பயணத்துக்கு அக்கா குடும்பம் போன ஜூலையில் என்னையும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டது. கார் என்றால் நிறுத்தச் சொல்லலாம். கப்பலை யாரிடம் நிறுத்தச் சொல்வது?

அறை எடுக்கும்போதே கவனமாக இருங்கள். கப்பல் ஊஞ்சல் பலகை மாதிரி, இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் அசைவு குறைவு. உயர உயரச் சாய்வும் கூடும். அதனால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அதிகக் காசு கொடுத்து வாங்கும் மேல்தள பால்கனி அறைதான் அதிகம் ஆடும், நமக்கு அது லாபம்தான். ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் காலம், அப்போது சும்மா கொடுத்தாலும் போகாதீர்கள்.

முதல் நாள் மாலை துறைமுகத்தை விட்டு வெளியே வரும்வரை கப்பல் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. "இதுக்குத்தான் இவ்வளவு பயந்தியாடி?" என்று அக்கா சிரித்தாள். இருட்டிய பிறகு நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரில் மெதுவாக ஏறி, வழிந்து, மறுபக்கம் போய் ஏறியது. குளத்தைப் பார்த்தால் கடலின் மனநிலை தெரியும். இன்னொரு அடையாளம் லிஃப்ட் பக்கம்: அங்கே காகிதப் பைகளைச் சொருகி வைக்க ஆரம்பித்தால் இரவு ஆட்டம் உண்டு என்று அர்த்தம்.

நான் சாயங்காலமே மாத்திரை போட்டிருந்தேன். இரவுச் சாப்பாட்டில் அக்கா வீட்டுக்காரர் எட்டு வகை எடுத்து வந்தார். நான் தயிர் சாதமும் ஒரு ஆப்பிளும். டார்வின் 1831இல் பீகிள் கப்பலில் உலகம் சுற்றக் கிளம்பி, ஐந்து வருஷமும் கடல் நோயால் அவதிப்பட்டார். டாக்டரான அவருடைய அப்பா சொல்லி அனுப்பிய உலர்ந்த திராட்சை மட்டுமே வயிற்றில் தங்குகிறது என்று அப்பாவுக்கே கடிதம் எழுதினார். அதைப் படித்துவிட்டு நானும் கால் கிலோ வாங்கிப் போயிருந்தேன். தங்கியது உண்மைதான்.

குமட்டினால் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். பகலில் திறந்த தளத்தின் நடுப்பகுதிக்குப் போய், வானமும் கடலும் சேருகிற கோட்டையே பாருங்கள். அந்தக் கோடு ஒன்றுதான் அங்கே அசையாதது, கண்ணும் காதும் அதை வைத்துத்தான் சமாதானம் ஆகும். இரவில் கோடு தெரியாது. அப்போது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிவிடுங்கள். நடுராத்திரி பக்கத்து அறைக் கதவு படபடவென்று திறந்தது. எட்டு வகைக்காரர். என்னிடம்தான் மாத்திரை கேட்டு வந்தார், ஆனால் காலம் கடந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. இறங்கிய பிறகும் கடல் உங்களை விடாது. அக்கா வீட்டுக் குளியலறையில் நின்றால் தரை மெதுவாகச் சாய்ந்து திரும்பியது, கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இன்னும் மோசம். ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு நாளில் மலை ஏறத் திட்டம் போடாதீர்கள். நான் அந்த வாரக் கடைசியிலேயே வால்பாறை போவதாக இருந்தது. அத்தைக்குப் போன் போட்டு, "தரையே ஆடுதுங்க அத்தை, அடுத்த வாரம் வர்றேன்" என்றேன். "வா கண்ணு, வளைவு எங்கயும் போயிராது" என்றார்.