மூக்கு அலர்ஜி மருந்து வேலை செய்கிறதா? நோட்டில் எழுதிப் பார்க்கலாம்

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்போம். அன்று காலை மூக்கு இருந்த நிலையை வைத்துச் சொல்கிற பதில் அது. போன மாதம் பட்ட பாடு அதற்குள் மறந்துபோயிருக்கும். நானும் ஒரு ஸ்ப்ரேயை மூன்றே நாளில் "இது சரிப்படாது" என்று நிறுத்தியிருக்கிறேன். எழுதிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவசரப்பட்டது புரிந்தது.

படி 1: நான்கு தொல்லைகள், நான்கு எண்கள்

மூக்கில் நீர் வடிதல், மூக்கடைப்பு, தும்மல், அரிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இல்லவே இல்லை என்றால் 0. இருக்கிறது, ஆனால் பெரிதாகத் தெரியவில்லை என்றால் 1. தொந்தரவுதான், தாங்கிக்கொள்ளலாம் என்றால் 2. தூக்கமோ வேலையோ கெட்டால் 3. நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 12. மருந்து ஆய்வுகளிலும் இதே கணக்குதான்.

காலையும் இரவும், கடந்த 12 மணி நேரத்தை நினைத்துப் போடுங்கள். விட்டுப்போன நாளை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

படி 2: மருந்துக்கு முந்தைய வாரம்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம் எழுதுங்கள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் இரண்டு மூன்று நாளாவது. இது இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

படி 3: மருந்தையும் எழுதுங்கள்

மதிப்பெண் குறைந்தது சரி, எத்தனை மருந்தால் குறைந்தது? ஐரோப்பிய அலர்ஜி, நோய் எதிர்ப்பியல் அகாடமி 2014இல் பரிந்துரைத்த முறையில் மருந்துக்கும் மதிப்பெண் உண்டு: அலர்ஜி மாத்திரைக்கு 1, ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு 2, ஸ்டீராய்டு மாத்திரைக்கு 3. ஒரே நாளில் இரண்டு எடுத்தால் பெரிய எண். நமக்கு இவ்வளவு வேண்டாம்; அன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, எடுத்த மருந்தை எழுதினாலே போதும். தூசி தட்டிய நாள், மகரந்தம் பறக்கும் பருவம், சளி பிடித்த நாள் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள்; அப்போது எண் ஏறினால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

படி 4: கணக்குப் பார்ப்பது

முந்தைய வாரத்தின் காலை எண்கள் 8, 9, 7, 8, 10, 8, 6 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 56, சராசரி 8. மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் 5, 4, 4, 3, 5, 4, 3. சராசரி 4. பாதியாகிவிட்டது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த 4 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தும்மலும் அரிப்பும் 0 ஆகி, அடைப்பு மட்டும் 3இலேயே நிற்கலாம். அலர்ஜி மாத்திரை தும்மலையும் அரிப்பையும் நன்றாக அடக்கும், அடைப்பில் அவ்வளவாக உதவாது. அடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே மேல். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

எப்போது முடிவு செய்வது?

மாத்திரையின் பலன் சில மணி நேரத்தில் தெரியும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயின் முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம், அதுவும் தினமும் அடித்தால். அடிக்கும்போது முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அலர்ஜி ஊசி (ஒவ்வாத பொருளை உடலுக்கு மெல்லப் பழக்கும் நீண்டகால சிகிச்சை) போட்டுக்கொள்பவர்கள் வாரக்கணக்கில் பார்க்காமல், இந்த ஆண்டுப் பருவத்தைப் போன ஆண்டுப் பருவத்தோடு ஒப்பிட வேண்டும்.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை இந்தக் கணக்கில் நம்பாதீர்கள். சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பைக் கூட்டும். ஒரே பக்கம் அடைப்போ ரத்தமோ வந்துகொண்டிருந்தால் மதிப்பெண் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி அடுத்த முறை போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.